செவ்வந்திக்கு ஒன்பதாம் நாள்

தொட்டியில் இருந்த ஆறு மீன்களில் ஒன்றுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. வேதவல்லி அதைத் தனியே ஒரு பழைய ஊறுகாய் ஜாடியில் விட்டாள். செவ்வந்தி என்று பேர் வைத்து, தினமும் காலையில் புள்ளிகளை எண்ணி, மருந்தாகக் கல் உப்புப் போட்டாள்.

பதினான்காக இருந்த புள்ளிகள் ஆறாகி, ஒன்பதாம் நாள் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவள் காலடி கேட்டதும் மீன் துடுப்பை மடக்கி அடியில் சாய்ந்துகொண்டது.

"புள்ளியே காணோம், இன்னும் ஏண்டி செவ்வந்தி சுருண்டு கிடக்கிறே?" என்று இன்னொரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனாள்.

ஜாடி சிரித்தது. "அடி கள்ளி! எத்தனை மாங்காயை ஊறப்போட்டவன் நான். உப்பு எரியலையா உனக்கு?"

"எரியுது அண்ணே," என்றது மீன். "ஆனா அந்தத் தொட்டியில எங்க ஆறு பேருக்கும் சேர்த்து மீனுன்னு ஒரே பேருதான்."