கண்ணாடிக்குள் ஒரு பெருவிரல்

பலேர்மோவில், வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கோமகனின் வெண்கலப் பதக்கம் இருந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் அந்த முகத்தை மெழுகில் வனைந்து வார்த்த அரசவைக் கலைஞனின் பெருவிரல் ரேகை, குறுக்கே தழும்போடு, அதன் பின்புறத்தில் பதிந்திருந்தது.

அதே ரேகை, அதே தழும்போடு, பூட்டிய கண்ணாடியின் உட்புறத்திலும் தெரிந்தது.

"உன் அழுக்குக் கை" என்று சிஞ்ஞோரா, வீடு துடைக்கும் தமிழ்ப் பெண் செலஸ்ரீனாவை ஏசினாள்.

செலஸ்ரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெட்டிப் பூட்டின்ரை திறப்பு உங்கடை கழுத்திலை கிடக்கு. நான் எப்பிடி உள்ளை கை வைக்கிறது?" என்று தமிழிலேயே கேட்டாள்.

மறுநாள் காலை சிஞ்ஞோராவே கதவைத் திறந்தாள். அவளுடைய வலது கன்னம் மெழுகுபோலக் குழிந்திருந்தது. குழிக்குள் ரேகையும் தழும்பும் இருந்தன.

"இன்றைக்கு ஒரு அடையாளமும் மிஞ்சக்கூடாது" என்று திறப்பை நீட்டினாள்.

"ஓம் சிஞ்ஞோரா" என்ற செலஸ்ரீனா, கன்னத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் துடைத்தாள்.