ஒட்டாத சோறு

“புள்ளைக்குச் சோறு போடறியா, இல்லியா?”

மருந்துக்கடை பொன்னுரங்கம் இப்படிக் கேட்டதும் ராஜாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் இடுப்பில் இருந்த செல்விக்கு நாலு வயசு. பார்த்தால் இரண்டுகூடச் சொல்ல முடியாது. பெற்றவள் போய்ச் சேர்ந்தபிறகு வந்த சித்தி இவள். குழந்தையைப் பட்டினி போடுகிறாள் என்று கச்சிராயபாளையம் கடைத்தெருவே முடிவு கட்டியிருந்தது.

“போடறேண்ணே. நல்லாத்தான் தின்னுது. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது.”

பொன்னுரங்கம் நம்பவில்லை. தாயில்லாப் பிள்ளையைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது. வயிற்றுப்போக்கோ, சளியோ, காய்ச்சலோ, ஒரு வருஷமாகக் காசு வாங்காமலே மாத்திரை கொடுத்துவந்தார். அன்றும் கொடுத்தார்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. மறியலுக்குப் போன ராஜாம்பாளின் புருஷன் ஜெயிலில் இருந்தான். செல்விக்கோ போக்கு நிற்கவே இல்லை.

கரியாலூர் மலையில் மருத்துவ முகாமுக்குப் போய்விட்டு ஊர் திரும்ப முடியாமல் கச்சிராயபாளையத்தில் தங்கியிருந்த டாக்டரம்மாவைப் பொன்னுரங்கமே ராஜாம்பாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். சித்தியின் வண்டவாளம் அந்தம்மா வாயாலேயே வெளிவரட்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இதுவரை என்னென்ன கொடுத்தார்கள் என்று விசாரித்தார்.

“இது பட்டினி இல்லைங்க. குடல்ல நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. சோறு ஒடம்புல சேரவும், நோயை எதிர்க்கவும் அதுங்க ஒத்தாசை வேணும். சும்மாச் சும்மா கிருமியைக் கொல்ற மாத்திரையைக் கொடுத்து, கெட்டதோட நல்லதையும் சாகடிச்சிருக்காங்க. யார் கொடுத்தது?”

பொன்னுரங்கம் வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்தாங்க. எங்கெங்கியோ வாங்கியாந்து குடுத்துட்டேன்” என்றாள் ராஜாம்பாள்.

வாசலில் கூடியவர்கள் கேட்க, டாக்டரம்மா அவளைத் திட்டித் தீர்த்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினால் பிழைக்கலாம் என்றார்.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வழியெல்லாம் ஊட்டியபடி, விழுந்த மரங்களை ஏறித் தாண்டி, ராஜாம்பாளும் பொன்னுரங்கமும் குழந்தையை மாற்றி மாற்றிச் சுமந்து நடந்தார்கள். பாதி வழியிலேயே செல்வியின் மூச்சு நின்றுபோனது.

மாத்திரையைப் போட்டே கொன்றுவிட்டாள் என்று ஊர் அவளை ஏசியது. மண் போடும்போதும் பொன்னுரங்கம் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அவள் வீட்டுக்குப் போனார்.

“ஏம்மா என் பேரைச் சொல்லல?”

ராஜாம்பாள் அழுது வறண்ட கண்ணோடு அவரைப் பார்த்தாள்.

“சோறு போட்டும் பட்டினி போட்டான்னு பேரு வாங்கனவ நானு. ஆசையாக் குடுத்தவங்க மேல பழி வுழுந்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்ணே.”