தியாகராஜா மாஸ்டரின் கோப்பு

தியாகராஜா மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கண்டி அலுவலகத்துக்குப் போகக் கார் வாசலில் நின்றது.

மாகாணக் கல்வி அமைச்சராகி ஒன்பது நாள். அதற்கு முன் கலஹாப் பக்கம் இருபத்தாறு வருசம் டீச்சர், பிறகு பள்ளிக்கூட அதிபர். பொய்ப் பத்திரம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லீவுக் கடிதத்தில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு வந்த பிள்ளையை நாள் முழுக்க நிற்க வைத்தவள் நான்.

"என்ன பாப்பா மொணமொணங்குற?" என்றார் அம்மா.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் பாப்பாதான். பதவியேற்ற மண்டபத்தில் எல்லோரும் "கௌரவ நல்லம்மா" என்று மாலை போட, முன்வரிசையிலிருந்து "பாப்பா, சேலை தடுக்குது பாரு" என்று கூப்பிட்டு மானத்தை வாங்கிவிட்டார். ஒரு தரமாவது பெயரைச் சொல்லுங்களேன் என்று கெஞ்சியும் பார்த்தாயிற்று.

விஷயத்தைச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு சிறுமியின் பிறப்பைப் பதியாமல் விட்டிருக்கிறார்கள். செத்துப்போன அக்காவின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து, அக்காவின் பெயரிலேயே அவளை முதலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். மாஸ்டருக்கு எல்லாம் தெரியும்.

"தெரிஞ்சே சேத்திருக்காரும்மா. இந்த ஆளெல்லாம் ஒரு மாஸ்டரா?"

அம்மா பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"வீரய்யா மாஸ்டரும் அப்படித்தான் செஞ்சாரு."

வீரய்யா மாஸ்டர் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்.

"யாருக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே ஞாபகம் வந்தது. வகுப்பில் எப்போதும் நான்தான் குள்ளம். பால்பல் கடைசியாக விழுந்ததும் எனக்குத்தான்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. காய்ச்சல்ல போயிட்டா. அவ சாவையும் பதியல, ஒன்னையும் பதியல. அவ கடுதாசி ஒண்ணுதான் வீட்டுல இருந்துச்சு."

"அப்ப நல்லம்மாங்கிறது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆளுநர் முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் பண்ணியது யார்?

"எனக்கு என்னம்மா பேரு வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கல. அவ பேரச் சொல்லி ஒன்னையக் கூப்பிட எனக்கு வாய் வரல பாப்பா."

வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்தார்.

கடிதத்தின் அடியில், கையெழுத்துப் போடும் கோட்டுக்குக் கீழே, அக்காவின் பெயரை ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தார்கள். பேனாவை மூடினேன். கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் புள்ளைய அதோட அம்மா என்னன்னு கூப்பிடுதாம்?"