சொட்டுக்கூடக் கசியாது

காலியான நீச்சல் குளத்துக்குள் குந்தியிருந்த மேஸ்திரி, உளியைக் குழாயின் விளிம்பில் வைத்து மெல்லத் தட்டிப் பார்த்தான்.

"தண்ணி நிரப்பிப் பார்த்தப்ப சொட்டுக்கூடக் கசியலையே. இன்னும் என்ன தட்டிக்கிட்டிருக்கீங்க?" மேலே நின்று கேட்டான் வீட்டுக்காரன்.

"குழாய் சுவத்துல நுழையிற இடம் சார். கசிஞ்சா இங்கதான் கசியும். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுறேன்."

"இதுக்குத்தான் உங்களைத் தேடிப் பிடிச்சேன்" என்று சிரித்த வீட்டுக்காரன், கொஞ்சம் தயங்கி, "உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களா?" என்றான்.

மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு, "எனக்குப் பொண்ணைப் பிடிக்கலை" என்று ஒரே பேச்சில் தங்கையோடு நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்தியவன் கேட்கிற கேள்வியா இது?

அப்பா அதன்பிறகு தெருவில் தலைகாட்டவே கூசினார். அம்மா மாதக்கணக்கில் புலம்பினாள். வீட்டில் அன்று அழாதவள் தங்கை ஒருத்திதான். அதிர்ச்சியில் மரத்துப்போய்விட்டாள் என்றுதான் மேஸ்திரி நினைத்தான். படிப்பு, வேலை என்று போனவள், இன்றுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

"இருக்கா, இருக்கா" என்று பல்லைக் கடித்தான்.

வீட்டுக்காரன் உள்ளே போனதும் உளி வேகம் பிடித்தது. குழாயைச் சுற்றித் தானே பார்த்துப் பார்த்து அடைத்த கலவையை மொத்தமாகச் சுரண்டி எடுத்தான். அந்தப் பள்ளத்தில் வெறும் மணலைத் திணித்து, மேலே பெயருக்கு ஒரு பூச்சை இழுத்தான். அதன்மேல் நீல நிற டைல்ஸை ஒட்டி, இடுக்குகளை அடைத்து, ஈரத் துணியால் துடைத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது.

இனி இரவும் பகலும் தண்ணீர் இறங்கும். அடியில் மண் அரிக்கும், அஸ்திவாரம் நனையும். எங்கே ஓட்டை என்று தேடியே இவன் மொத்தக் குளத்தையும் உடைக்க வேண்டும். தன் பெயரும் சேர்ந்து நாறும் என்று தெரியாமல் இல்லை. நாறட்டும்!

டைல்ஸ் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு காலையில் குளத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்காரன் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னான். மேஸ்திரி தெருமுனைக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டான்.

"பாப்பா, உன்னை வேணாம்னு சொன்னானே, அவன் வீட்டுக் குளத்தை முடிச்சுட்டு வர்றேன். ஜென்மத்துக்கும் அதுல தண்ணி நிக்காது. என் கையாலயே ஓட்டை வச்சுட்டேன்!"

மறுமுனையில் தங்கை விசும்புவது கேட்டது.

"அழாதம்மா. உனக்காகத்தான் செஞ்சேன்."

"ஐயோ, ஓடிப்போய் முதல்ல அந்தத் தண்ணியை நிறுத்துண்ணே!"

"எதுக்கு நிறுத்தணும்? உன் வாழ்க்கையையே நிறுத்தினவன் அவன்."

"அப்ப உன்கிட்ட சொல்லியிருந்தா என் காலை ஒடிச்சிருப்ப. அதான் அவர்கிட்ட கெஞ்சி, பழியை ஏத்துக்க வச்சேன்." தங்கையின் குரல் உடைந்தது. "கல்யாணம் வேணாம்னு சொன்னது நான்தாண்ணே."