லெம்பி வீட்டுப் புதுப் பாத்திகள்

"அம்மா போய் மூணு மாசம் கழிச்சு, ஐயாவுக்கு இப்பத்தான் தோட்ட ஞாபகம் வந்திருக்கு!"

சமையலறை ஜன்னலில் நின்றபடி சொன்னாள் ஹில்க்கா.

வேலிக்கு அந்தப் பக்கம், லெம்பி வீட்டுப் பின்புறத்தில் இல்மாரி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான். லெம்பியின் ஒரே மகன். சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. பிப்ரவரியில் அம்மாவை அடக்கம் செய்ய வந்தவன், இரண்டே நாளில் கிளம்பிவிட்டான். இப்போது மே முதல் வாரம். குஹ்மோ ஏரியில் பனிக்கட்டி உடைந்து நான்கு நாள்கூட ஆகவில்லை, வந்து நிற்கிறான்.

"எத்தனை பாத்தி போடறான்?" காபியை ஆற்றிக்கொண்டே கேட்டான் அவள் புருஷன் டவுனோ.

"நாலு. புல்லை வெட்டி எடுத்து, பலகை அடிச்சு, எல்லாம் புத்தம் புதுசா. குதிரைச் சாணம் வேற ஒரு வண்டி வந்து இறங்கியிருக்கு."

"எதுக்காம்?"

"வீட்டை விக்கத்தான், வேற எதுக்கு? தோட்டம் ஜோரா இருந்தா, வாங்க வர்றவன் மயங்கிடுவான்ல!"

வெளியே 'ணங்'கென்று ஒரு சத்தம். இல்மாரியின் மண்வெட்டி துள்ளித் திரும்பியது.

டவுனோ எழுந்தான். "மேலாப்புலதான் இளகியிருக்கு. ஒரு சாண் கீழே இன்னும் உறைஞ்சு பாறையாத்தான் கிடக்கும். நம்ம கடப்பாரையைக் குடுத்துட்டு வரேன்."

"உக்காரு நீ. போன வருஷம் இதே ஜன்னல்ல நின்னு பார்த்தோமே, மறந்துட்டியா? எழுபத்தஞ்சு வயசு மனுஷி. நாலு கொத்து கொத்துவா, கவுத்துப் போட்ட வாளி மேல உக்காருவா. மூச்சு வாங்கிட்டு மறுபடி எந்திரிப்பா."

"மறக்கல. நான் அப்பவே போறேன்னு சொன்னேன். நீதான்..."

"ஆமா, நான்தான் தடுத்தேன். நாம போய்க் கொத்திக் குடுத்துட்டா பெத்த பிள்ளைக்கு எப்படி உறைக்கும்? அவன் வரணும்னுதானே தடுத்தேன்!"

"அவன் வரலையே, ஹில்க்கா."

 அவள் ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள்.

"அதைத்தான் இப்ப கேக்கப்போறேன். குடு கடப்பாரையை."

அவள் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, இல்மாரி முடிந்த பாத்தி ஒன்றின்மேல் கறுப்பு பிளாஸ்டிக்கை விரித்து, ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தான். வெயில் பட்டு மண் சீக்கிரம் சூடேறட்டும் என்று. உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன.

"வாங்க ஹில்க்கா அத்தை!" நிமிர்ந்தான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான்.

கடப்பாரையை மண்ணில் ஊன்றினாள் ஹில்க்கா.

"இப்ப எதுக்குடா இதெல்லாம்? அவ இருந்தப்ப வரத் தெரியலையே உனக்கு!"

இல்மாரி கோபப்படவில்லை. "வந்திருக்கணும் அத்தை."

"மூணு வசந்தம்டா! ஒவ்வொரு தடவையும் கார் சத்தம் கேட்டா ரோட்டைப் பார்ப்பா. கேட்டா, 'பாவம், அவனுக்குக் கப்பல்ல லீவு கிடைக்கல'ம்பா. உன்னை விட்டே குடுக்க மாட்டா."

அவன் அப்படியே பலகை விளிம்பில் உட்கார்ந்தான்.

"லீவு கேட்டிருந்தா கிடைச்சிருக்கும் அத்தை. ஒவ்வொரு தடவையும் கிளம்பத்தான் நினைச்சேன். அம்மா வேண்டாம்னாங்க. நானும் சரின்னு இருந்துட்டேன். அவங்க சொல்றதை நம்பறது எனக்கு வசதியா இருந்துச்சு."

கொப்புளத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னான். "இப்ப மூணு நாளா கொத்தறேன். இதுக்கு ஒரு வாரம் போதும்னு இப்பத்தான் தெரியுது. ஒரே ஒரு வாரம்."

 ஹில்க்காவுக்கு வந்த வேகம் இன்னும் குறையவில்லை.

"சரி, அதை விடு. வீட்டை யாருக்குப் பேசியிருக்கே?"

"வீட்டையா? விக்கலையே அத்தை. யார் சொன்னா?"

"விக்கலையா? நீ திரும்பக் கப்பலுக்குப் போகலையா அப்ப?"

"திங்கக்கிழமை போறேன். அக்டோபர்லதான் வருவேன்."

"அப்ப இந்த நாலு பாத்தி யாருக்குடா?"

"உங்களுக்கும் டவுனோ மாமாவுக்கும்தான்."

காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தாள் ஹில்க்கா.

"உங்க பக்கம் முழுக்க மர நிழல். இங்கதான் வெயில் அடிக்குது. உருளைக்கிழங்கோ, கேரட்டோ, பீட்ரூட்டோ, எது வேணுமோ போட்டுக்கங்க. வேலிக் கதவைப் பூட்ட மாட்டேன். நேத்தே சொல்லியிருப்பேன், எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்து கூப்பிடலாம்னு இருந்தேன். நன்றின்னு என்னால முடிஞ்சது இவ்வளவுதான் அத்தை."

"நன்றியா? எங்களுக்கா? எதுக்குடா?"

இல்மாரி எழுந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"என்ன அத்தை இப்படிக் கேக்கறீங்க? ஒவ்வொரு வசந்தத்துக்கும் அம்மா போன்ல சொல்வாங்களே... 'நீ அலைஞ்சு வராதேப்பா. ஹில்க்காவும் டவுனோவும் வந்து எல்லாப் பாத்தியையும் கொத்திக் குடுத்துட்டாங்க. என்னைக் குனியக்கூட விடல'ன்னு!"