ஹாரன் விட்ட இடம்

ஒரு காரின் மூக்குக்கு நேர் பின்னால் ஹாரன் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எந்தச் சாலையையும் முதலில் பார்ப்பது தான்தான் என்று அதற்கு ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் மெக்கானிக் ஓர் இன்டர்கூலரைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். சூடான காற்றைக் குளிரவைத்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை.

"இங்கே ஊசி நுழையக்கூட இடமில்லை!" என்று ஹாரன் தன் போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஸ்பானர் வழுக்கியது.

பின்னாலிருந்து எஞ்சின் மெல்லச் சொன்னது: "அண்ணே, மலையேறும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டுது. இனி ஒரு ஏற்றம்கூடத் தாங்க மாட்டேன்."

ஹாரனுக்குச் சுருக்கென்றது. "உன் மூச்சைவிட என் வேடிக்கை பெரிசாடா?" என்று போல்ட்டை விட்டது.

மெக்கானிக் ஹாரனை ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் மாட்டினார். அங்கிருந்து சாலையே தெரியவில்லை.

மறுநாள் கார் மலையேறியது. இன்டர்கூலர் குளிர்ந்த காற்றை அள்ளி அள்ளிக் கொடுக்க, எஞ்சின் பாடிக்கொண்டே வளைவுகளைத் தாண்டியது.

"அண்ணே, உச்சிக்கு வந்துட்டோம்!"

ஹாரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிரே வண்டியும் இல்லை, மாடும் இல்லை. ஆனாலும் மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு முழக்கம் போட்டது.