கல்லறைக்கு எந்தப் படம்

ஆஸ்திரேலியாவின் ஹோம் ஹில்லில் கரும்புக் காட்டைக் கொளுத்தும் மாதங்களில் கல்லறைகளின் மேல் கரி படியும். எர்சிலியா அறுபத்து மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் போய், கணவர் நெரேயோவின் கல்லறையில் பதித்த பீங்கான் படத்தைத் துடைத்து வந்தாள். முப்பத்து நான்கு வயதில் இறந்தவர். படத்தில் சட்டையின் மேல் பித்தானைப் போட்டிருக்கமாட்டார். அதற்கு வாராவாரம் ஒரு திட்டும் உண்டு.

"எனக்குத் தொண்ணூத்தொண்ணு. அவரு இன்னும் பையனாட்டம் நிக்கறாரு. இந்தக் கெழவிய அவருக்கு அடையாளம் தெரியுமா? என் கல்லறையில கல்யாணப் படத்தையே வைடி," என்பாள் பேத்தி லொரெடானாவிடம்.

"தெரிஞ்சா ஓடிருவாரு, நொன்னா."

பாட்டியை அடக்கம் செய்து மூன்று வாரம் கழித்து, லொரெடானா கல்யாணப் படத்தோடு கல்லறைக்குப் போனாள். கொத்தனார் ஜீனோ சிமெண்ட் குழைத்தார். அவள் ஈரத்துணியால் தாத்தா படத்தின் மேலிருந்த கரியைத் துடைத்தாள். படத்தில் தாத்தாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. கன்னங்கள் ஒட்டியிருந்தன. மேல் பித்தான் மட்டும் அப்படியே திறந்திருந்தது. இன்னொரு முறை துடைத்துப் பார்த்தாள்.

"ஒட்டிரட்டுமாம்மா?"

"வேண்டாம் மாமா. நொன்னாவப் போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த படத்தக் கொண்டு வர்றேன். இத வச்சா அவருக்கு அடையாளம் தெரியாது."